நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து நீலச் சட்டை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய முதுகுவலியும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். உன் நாவல் வந்து சேர்ந்தது. பின்னட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா, ஏன் இவன் பல்வலிக்காரன் மாதிரி கன்னத்தில் கை வைத்திருக்கிறான் என்று கேட்டார், எழுத்தாளர்கள் அப்படித்தான் வைப்பார்களாம் என்று நான்தான் சமாளித்தேன்.

இரண்டாம் பதிப்பு வருகிறது, பிழை இருந்தால் சொல் என்று கேட்டிருந்தாய். நம் தெருவில் போலீஸ் ஊர்வலத்தைச் சுட்ட அந்த நாளைப் பற்றி நீ எழுதியதில் பிழை சொல்ல இந்தத் தையல்காரி யார், ஆனாலும் கேட்டுவிட்டாய். உன் கதையில் வரும் அம்மா கடை வாசலில் கைகளை விரித்துக்கொண்டு துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கிறாள், படித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. நிஜத்தில் நான் வெட்டுமேசைக்கு அடியில், தபால்கார அம்மா தைக்கக் கொடுத்திருந்த துணியை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தேன், பிற்பாடு பல் பதிந்த இடத்தில் ஒரு பூ தைத்துக் கொடுத்துச் சமாளித்தேன். உன் புத்தகத்தில் ரத்தம் பதினொரு இடத்தில் மலர்கிறது, எண்ணிவிட்டேன். பதினாலு பேரைச் சாகடித்திருக்கிறாய், அத்தனை பேருக்கும் வெள்ளைச் சட்டை. சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்றுதானே, பூவேலைக்கு நூல் எடுக்கும்போது எனக்கும் அதே புத்திதான்.

இது போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை சைக்கிள் கடைக்காரர் மனைவி வந்தாள். எதிர்க்கடையில் பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்தாரே, வெளியே நின்ற யாரோ ஒருவருடைய சைக்கிளை உள்ளே தள்ளப் போய் விழுந்தாரே, அவர் மனைவி. நம் தெருவில் அன்று செத்தது அவர் ஒருவர்தான். உன் கதையில் அவர் இடத்தில் கண்ணில் தீப்பொறி பறக்கும் ஒரு மாணவன் விழுகிறான், விழுமுன் ஒன்றரைப் பக்கம் பேசுகிறான், சைக்கிள்காரருக்கு அவ்வளவு மூச்சு கிடைக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அக்கா, தம்பி அன்னைக்கு நடந்ததெல்லாம் எழுதியிருக்காமே, அவரு எந்தப் பக்கத்துல வர்றாரு, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்கன்னு உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்வேன், உன்னைப் பெற்றவளுக்குக் கதை விடத் தெரியாதா. கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்தேன், நூற்றுப் பன்னிரண்டு. அங்கே நீ நிலாவை வர்ணித்திருக்கிறாய், நான் நிலாவைப் பார்த்துக்கொண்டே சைக்கிள்காரரைப் படித்தேன். காற்றடிக்கும்போது சீட்டியடித்தது, டியூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்துவிட்டு ஒண்ணுமில்ல போ என்று ஆளை அனுப்பியது, கைப்பிடியை விடாமலே விழுந்தது எல்லாம். வாய் தானாக வெள்ளைச் சட்டை என்றும் படித்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சரிதாங்க்கா, ஒண்ணுதான் தப்பு, நீலச் சட்டை, நீங்க தச்சதுதானே, பாக்கெட்டு கோணல்னு உங்களைத் திட்டிக்கிட்டேதானே மாட்டுவாரு, தம்பிகிட்ட மாத்தச் சொல்லிடுங்கன்னாள். தைத்தவள் நான், விழுந்ததைப் பார்த்தவளும் நான், எனக்கே உன் வெள்ளை ஒட்டிக்கொண்டது பார்.

புத்தகத்தைக் கேட்டாள், அப்பா படிக்கிறார் என்று சொல்லி வைத்தேன், அவர் எட்டாம் பக்கத்தில் தூங்கி இரண்டு வாரமாகிறது. ஒரு வெட்டுத்துணியை எடுத்து நூற்றுப் பன்னிரண்டில் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வெளியூரில் படிக்கும் அவள் பெண் மூன்று மாதத்தில் வருகிறாளாம், அவளைப் படிக்கச் சொல்லித் தினமும் கேட்பாளாம். அந்தப் பெண்ணுக்கு அப்பா முகம் ஞாபகமில்லை. அவள் பிரித்தால் அங்கே நிலாதான் இருக்கும்.

அந்த மாணவன் பேசிவிட்டுப் போகட்டும், நான் தடுக்கவில்லை. நிலாவை மட்டும் கொஞ்சம் நகர்த்தி அந்தப் பக்கத்தை அவருக்குக் கொடு. ரத்தத்தை மலர வைக்காதே, விழுந்தார் என்று எழுது, போதும். அதற்குப் பதிலாக என்னை வாசலிலிருந்து எடுத்து மேசைக்கு அடியில் போட்டுவிடு, கோபித்துக்கொள்ளமாட்டேன். அங்கேயிருந்து எதிர்க்கடை வாசல் நன்றாகத் தெரியும், அன்றைக்குத் தெரிந்தது.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், பேரும் புகழுமாக நல்லா இருப்பா. மறந்துவிடாதே, நீலம், இடது பக்கப் பாக்கெட், கொஞ்சம் கோணல்.

இப்படிக்கு,
கோணலாகத் தைத்த உன் அம்மா