மருந்து போடாத கீரை

மார்ச் 2

உங்களுக்கு,

போனில் கூப்பிடாதீர்கள். பேசினால் சிரிக்க வைத்துவிடுவீர்கள். கேட்க வந்ததை மறந்து நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் வேலை போனதற்காக நான் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டதாக இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அச்சகத்தை மூடிவிட்டால் நீங்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் மூடிய பிறகும் தினமும் காலையில் என் கையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போனீர்களே. ஒரு நாள் மழைக்குக் குடை கொண்டுவந்தேன். அச்சக வாசலில் பூட்டு தொங்கியது. அன்று சாயங்காலம் வந்து, "இன்னிக்குச் செம வேலை" என்று காலை நீட்டி உட்கார்ந்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வா என்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் நான் போட நினைத்திருந்த காய்கறித் தோட்டத்தை நீங்கள் போடுங்கள். உர மூட்டை வேண்டாம், பூச்சி மருந்து வேண்டாம். மூலையில் நான் சேர்த்துவைத்த மட்குக் குப்பை போதும். விளைகிறதோ இல்லையோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பூச்சி தின்றால் தின்றது என்று எழுதுங்கள். எனக்கு அதுதான் வேண்டும், காய் இல்லை.

பனி உருகியதுமே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். ஒரு பிடி மண்ணைப் பிசைந்து பாருங்கள். உதிர்ந்தால்தான் கொத்தலாம்.

இன்னமும் உங்கள் மனைவி

மார்ச் 9

அன்புள்ள நீதிபதி அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் ‘அன்புள்ள’ இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடிதம் வந்த அன்றே கொத்திவிட்டேன். பிசைந்தும் பார்த்தேன், உதிரவில்லை, உருண்டை பிடித்தது. வெயில் அடிக்கிறதே என்று கொத்தினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எதிர்வீட்டு டிரைவர், பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றபின் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர், "என்னங்க, செங்கல் அறுக்குறீங்களா?" என்று கேட்டார். அவர் வாய் முகூர்த்தம், மண்ணெல்லாம் கட்டி கட்டியாகக் காய்ந்துவிட்டது.

இன்னொன்று. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. மெஷினில் இல்லை, பெட்டி மடிக்கிற வேலை. மேற்பார்வையாளருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது; என்னை "தம்பி" என்று கூப்பிடுகிறார். இதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று ஏற்கெனவே பேர் வாங்கியாயிற்று. அதனால் தோட்டத்தில் பூசணி மட்டும் போடப்போவதில்லை.

உன்,
பெட்டி மடிப்பவன்

மார்ச் 17

அன்புள்ள செங்கல் வியாபாரிக்கு,

பஸ்ஸில் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். "தம்பி" என்ற இடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. சொன்னீர்களே, அது போதும்.

கட்டியை உடைக்காதீர்கள். ஒரு மழை பெய்யட்டும், தானாக இளகும். பிறகு மேலே மட்குக் குப்பையைப் பரப்பி, ஒரு பாத்தியில் பட்டாணி, ஒன்றில் முள்ளங்கி, ஒன்றில் கீரை போடுங்கள். இரவில் குளிர் இறங்கினால் பழைய போர்வையைப் போர்த்துங்கள். நல்ல போர்வை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
நீதிபதி

ஏப்ரல் 12

அன்புள்ள நீதிபதி அம்மாவுக்கு,

முதலில் போட்ட பட்டாணி அழுகிவிட்டது. பொறுக்கமாட்டாமல் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் முறை போட்டதில் பாதி முளைத்திருக்கிறது. முள்ளங்கி இலையில் சல்லடை மாதிரி ஓட்டை; ஏதோ வண்டு. டிரைவர், "மருந்தடிங்க சார், நீங்க ஒருத்தர் அடிக்கலேன்னா உலகம் திருந்திடுமா?" என்கிறார். "அம்மா உத்தரவு" என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார்.

கீரை மட்டும் பிரமாதம். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்க்கத்தான் போகிறேன். நீ இல்லாத வீட்டுக்குள் நேரே நுழையப் பிடிக்கவில்லை.

உன்,
அவசரக்காரன்

ஏப்ரல் 20

அன்புள்ள அவசரக்காரருக்கு,

மே மாதக் கடைசியில் வருகிறேன். இங்கே நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் சொல்லிவிட்டேன். எனக்குப் பதில் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தேன்.

"நல்லா யோசிச்சியா? வந்துட்டு மறுபடி அழுதுக்கிட்டு வராதே" என்றாள் அக்கா. "இந்தத் தடவை பூச்சி தின்னதைக்கூட எழுதுறாருக்கா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீங்களும் நானும் மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் மனைவி

மே 8

என் அன்புக்குரியவளுக்கு,

நீ வருகிறாய் என்றதும் தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எல்லாம் செழிப்பு. பூச்சி, நத்தை என்று ஒரு தொல்லையும் இல்லை. நீ சொன்னபடி மட்குக் குப்பை, தண்ணீர், அவ்வளவுதான். இனி டிரைவரே என்னிடம் யோசனை கேட்கவேண்டியதுதான்.

நம்பமாட்டாய் என்று ஒரு கூடைக் கீரையைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மருந்து படாத கீரை. அக்கா மகளுக்கும் கொடு.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
தோட்டக்காரன்

மே 12

உங்களுக்கு,

கீரை வந்தது. பச்சைப்பசேல் என்று இருந்தது. அக்காவிடம் கூடையைத் தூக்கிக் காட்டினேன், பெருமைதான். சமையலறைத் தரையில் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தோம். அக்கா மகள் ஓர் இலையின் மடிப்பிலிருந்து எதையோ எடுத்து, "சித்தி, மிட்டாயா?" என்று நீட்டினாள். நீலமாக, அரிசி அளவுக்கு. நல்லவேளை, வாயில் போடுவதற்கு முன்னால் கேட்டாள்.

நத்தை மருந்து. கடையில் டப்பாவைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா கீரையைத் திரும்பக் கூடையில் அள்ளிப் போட்டாள். அவள் திட்டியிருந்தால் உங்களுக்காகப் பேசியிருப்பேன்.

"நத்தை வந்தது, மனசு கேட்கவில்லை, மருந்து போட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கலாமே. உங்களை நாலு திட்டு திட்டிவிட்டு வந்திருப்பேன். அழுகிய பட்டாணிக்குத்தானே பெட்டியை இறக்கினேன்.

கீரையைக் கழுவிச் சாப்பிட்டுவிடலாம். உங்கள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தண்ணீரில் கழுவிப் பார்த்து நம்ப வேண்டும் என்றால் என்னால் முடியாது. நான் ஓய்ந்துவிட்டேன். வேலையை விடவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

மே 19

அன்புள்ள உனக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாளா? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீ வருவதாக எழுதிய வாரத்தில் நத்தை வந்தது. ஒரே ராத்திரியில் கால் பாத்தி போய்விட்டது. நீ வரும்போது வெறும் மண்ணைக் காட்டவா என்று கடைக்கு ஓடினேன். "ஒரு பிடி தூவுங்க, காலையில ஒண்ணு இருக்காது" என்றார் கடைக்காரர். அப்படியே ஆயிற்று. உனக்கு எழுத உட்கார்ந்தேன். நல்ல சேதியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றியது. அச்சகம் மூடிய பிறகு சாப்பாட்டு டப்பாவோடு போனபோதும் இப்படித்தான் தோன்றியது. நீ காயைக் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கீரையை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன். அந்தப் பாத்தியின் மேல்மண்ணையும் வாரி எடுத்தாயிற்று. முள்ளங்கியை இப்போது நத்தை தின்கிறது, தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். டிரைவர் கேட்டார், அவரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "அடப் பாவி" என்றார்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை.

பட்டாணி பூத்திருக்கிறது. வெள்ளைப் பூ, ஏழெட்டு இருக்கும். உண்மையாகவே பூத்திருக்கிறது.

உன் கணவன்