அகராதிக்காரர் அறையும் உன் மாமாவும்

அன்பு மகள் லாமோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடுகளும் சுகம், கழுதைக்கு மட்டும் கால் வீக்கம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாதபோதுதானே தினமும் போன் செய்வாய். போன் கோபுரம் மறுபடியும் படுத்துவிட்டதால் இதைப் பாதும் ஊருக்குப் போகிற லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மடத்து வேலை ஒருவழியாக முடிந்தது. மேல்மாடியில் உன் மாமா முருப் லாமா இருக்கிற அறையின் கூரை போன கோடை மழையில் ஒரு மூலை சரிந்ததல்லவா, அந்தக் காலத்தில் வெளிநாட்டு அறிஞர் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்துதான் திபெத்திய அகராதி எழுதினார் என்று கேள்விப்பட்டு ஒரு சங்கத்தார் பழுதுபார்க்க வந்தார்கள். மழைக்காக யாரும் வரவில்லை, அகராதிக்காக வந்தார்கள். இருந்தாலும் குறை சொல்லக்கூடாது, பாப்லர் மர உத்தரம், வில்லோ மரக் குச்சி, மேலே மண் என்று கூரையைப் பழையபடியே அழகாகப் போட்டார்கள், மண் சுமந்ததில் என் முதுகும் உண்டு. பிறகுதான் வினை. அறை அறிஞர் இருந்த காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டுமாம். கண்ணாடி ஜன்னல் அப்போது இல்லை, கழற்றினார்கள். இரும்பு அடுப்பு இல்லை, தூக்கினார்கள். புகைக்குழாய் ஓட்டையை அடைத்தார்கள். கடைசியாக உன் மாமாவைப் பார்த்தார்கள். அவரும் அந்தக் காலத்தில் இல்லை.

கீழே புது சிமெண்ட் அறைக்குப் போகச் சொன்னார் இஞ்சினியர் கௌஸ்துப். நல்ல பிள்ளை, கை கூப்பித்தான் துரத்தினார். மாமா அசையவில்லை. “அந்த ஆளு இங்க கொஞ்ச நாள்தான் இருந்தாரு. நான் இங்கயே கெழவனாயிட்டேன். இதுல யாரு காலத்த திருப்பிக் கொண்டு வர்றீங்க தம்பி?” என்றார். இது வரலாறு லாமாஜி என்று இஞ்சினியர் சொல்ல, “அப்ப நான் என்ன, மேகமூட்டமா?” என்று கேட்டாராம். பழுதுபார்க்கும் கமிட்டியில் ஊர் சார்பில் நானும் இருந்ததால் வீட்டில் எனக்குத்தான் அடி. “எங்கண்ணன வெளிய தூக்கிப் போடுற கமிட்டியில போய் உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு வர்றீங்களே, வெக்கமா இல்ல?” என்றாள் உன் அம்மா. பிஸ்கட் நன்றாக இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருமுறை எதிர்த்துப் பேசத்தான் எழுந்தேன், திட்டத்தை வழிமொழிந்தேன் என்று எழுதிக்கொண்டார்கள்.

குளிர் இறங்கியது. ஓட்டை ஜன்னலுக்குக் கம்பளம் கட்டிக்கொண்டு மாமா அங்கேயே கிடந்தார். இருமல் நெஞ்சில் இறங்கி, பார்லிக் கஞ்சிகூட உள்ளே போகவில்லை. உனக்குச் சொன்னால் அழுவாய் என்று மறைத்தோம், நானும் பயந்துபோனேன்.

திறப்பு விழாவுக்குச் சங்கத்தின் தலைவி, அறிஞரின் நாட்டுக்காரர், தடியூன்றி வந்தார். முற்றத்து வெயிலில் எல்லோரும் அறிஞரின் தியாகத்தைப் பேசினார்கள். அந்தம்மாள் அறைக்குள் சற்று உட்கார ஆசைப்பட்டார். மாமா எழுந்துகொள்ளாததால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நடுவில் மொழிபெயர்க்க இஞ்சினியர், வாசலில் நான். கொஞ்ச நேரத்திலேயே அந்தம்மாளுக்குப் பல் அடித்துக்கொண்டது. இந்தக் குளிரை அறிஞர் எப்படித்தான் தாங்கினார் என்று கேட்டார். மாமா இருமி முடித்துவிட்டு, “எங்க தாங்கினாரு? தெனமும் பொலம்புவாராம், எங்க குருவோட குருமாருங்க சொல்லிக் கேள்வி. அடுப்பு கேட்டாராம். வரட்டி பத்தாதுன்னு நம்மாளுங்க குடுக்கல” என்றார். அந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவருக்குக் கிடைக்காததை இன்றைக்காவது இந்த அறைக்குக் கொடுங்கள் என்றார். இஞ்சினியர் முகம் தொங்கிப்போனது. அறையிலிருந்து தூக்கிய அந்த அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு படிக்கட்டில் காத்திருந்த உன் அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை, என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது அடுப்பும் ஜன்னலும் மாமாவும் அறையில்தான் இருக்கிறார்கள். இருமல் அடங்கி, பாதி துக்பா சூப்பை மிச்சம் வைத்துவிட்டு உப்பில்லை என்று திட்டுகிறார், அதனால் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள். நேற்று வெண்ணெய்த் தேநீர் கொண்டுபோனபோது, அறிஞர் புலம்பினார் என்று எந்தக் குரு சொன்னார், எனக்குச் சொல்லவே இல்லையே என்று கேட்டேன். “எனக்கென்ன தெரியும் மாப்ளே? அந்தக் குளிர்ல பொலம்பாத மனுஷன் இருப்பானா?” என்றார்.

உனக்கு நோயில்லா உடம்பும் பொறுமையுள்ள அதிகாரியும் அமையட்டும். மாமா மந்திரித்துத் தந்த சிவப்பு நூலை இதோடு வைத்திருக்கிறேன், கையில் கட்டிக்கொள். ராத்திரி முழுக்க மின்விசிறிக்கு நேர் கீழே படுக்காதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா தர்கியாஸ்