இரண்டாம் பரிசு வாங்காத நீச்சல்காரன்

அன்பு மகளுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும், என் வலது மணிக்கட்டு ஒன்று நீங்கலாக, நலம். நீயும் நலம் என்று போனில் சொன்னாய், குரல் கொஞ்சம் கரகரத்தது, இருந்தாலும் நம்பிக்கொள்கிறேன். வார்டில் துடைத்த ஈரம் காய்வதற்குள் நான் நடந்து, வழுக்கி, கையை ஊன்றி எலும்பை முறித்துக்கொண்ட கதையெல்லாம் உனக்குத் தெரியும். ஆறு வாரம் லீவு. இருபத்துமூன்று வருட நர்ஸ் வேலையில் ஒரு கோடை முழுக்க நான் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. போனில் சொன்னால் பாதியிலேயே புரியுதும்மா புரியுதும்மா என்று வைத்துவிடுவாய், காகிதத்தில் அப்படிக் குறுக்கே புக முடியாது, அதனால்தான் கடிதம். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மா கையில் மாவுக்கட்டு, என் வாய்க்குப் பூட்டு. சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பது கட்டளை, நடுநடுவே நான் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்பது சலுகை.)

நீ அனுப்பிய விடுதிப் பள்ளிப் படிவம் வந்தது. கூடவே நீ எழுதிய நாலு வரியும் வந்தது. உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கல்லூரியில் நீ நீச்சலில் கோப்பை வாங்கியவள், தம்பியும் நீந்த வேண்டும் என்று நீதான் வகுப்பில் சேர்க்கச் சொன்னாய், கண்ணுக்குப் போடுகிற நீச்சல் கண்ணாடியும் அனுப்பினாய். அவன் மூன்று மாதம் போனான், போட்டியில் இரண்டாவதாக வந்தேன் என்று உன்னிடம் போனில் சொன்னான், நீ அதை அலுவலகம் முழுக்கச் சொல்லி, பயிற்சியாளருக்கு நன்றி சொல்ல நீயே கூப்பிட, அவர் எந்தப் பையன் என்று உன்னிடமே திருப்பிக் கேட்டார். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். ஒன்பது வயதில் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறவனை வீட்டில் வைத்துக் கெடுக்காதீர்கள், என் ஊரிலேயே கண்டிப்பான பள்ளி இருக்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவும் முதலில் அதுதான் சரி என்றார். கையெழுத்துப் போட பேனாவைக்கூட எடுத்துவிட்டார். கோடை முடியட்டும், அதற்குள் இவனுக்கு நாலு நல்ல பழக்கம் வருகிறதா பார்க்கிறேன், வராவிட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று நான்தான் தடுத்து வைத்தேன். உன் தம்பிக்கும் இது தெரியும். நம் வீட்டில் எதைத்தான் மெதுவாகப் பேசுகிறோம்.

முதல் வாரம் ஓர் அட்டவணை போட்டேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், கோடு உன் தங்கை போட்டாள். எழுந்ததும் படுக்கையை மடிக்க வேண்டும், பல் தேய்க்க வேண்டும், சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும், அரை மணி நேரம் புத்தகம், குடிதண்ணீர் பாட்டில்களை நிரப்புவது, செடிக்குத் தண்ணீர். செவ்வாய்க்கிழமை எல்லோரும் தெரியாத ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய் நாலு ஸ்டாப் தூரம் நடந்து திரும்புவது, சனிக்கிழமை மின்விசிறிகளைக் கழற்றித் துடைப்பது. (விடுமுறை என்று பெயர்தான், எங்களை விடுகிற முறையே அதில் இல்லை.) செய்ததற்கு எதிரே டிக் போட வேண்டும். மூன்று நாளில் தாள் முழுக்க டிக். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலாம் நாள் காலையில் குளியலறைக்குப் போனேன், பல் தேய்த்ததற்கு டிக் இருக்கிறது, பிரஷ் வறண்டு கிடக்கிறது. செடிக்கு டிக் இருக்கிறது, மண் வெடித்துக் கிடக்கிறது. கேட்டால் உன் தம்பி, நம் வக்கீல், சும்மாவா அந்தப் பேர் வைத்தோம், டிக் போடணும்னுதானேம்மா சொன்னீங்க, போட்டேனே என்கிறான்.

அன்றைக்குத்தான் வார்டு ஞாபகம் வந்தது. டியூட்டி மாறும்போது போகிற நர்ஸிடம் வருகிற நர்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்கவே கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிக் கேட்டு, களைத்துப்போயிருந்தவள் சரி என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட, ஐந்தாம் படுக்கைக்காரருக்குப் போட வேண்டிய ஊசி ஒன்று இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. தலைமை நர்ஸ் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். நீ கேட்டதுலயே பதில் இருக்குடி, அவ அதை எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டா என்றார். அதிலிருந்து எங்கள் வார்டில் கேள்வி ஒன்றுதான், என்ன பாக்கி. அப்படிக் கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ தப்பிக்க முடியாது. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, அப்பா கடையிலிருந்து சாப்பிட வரும் நேரத்தில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து வீட்டை ஒருவருக்கொருவர் ஒப்படைக்க வேண்டும். யார் எதைச் செய்யாமல் விட்டார்கள், எதை உடைத்தார்கள், எதை மறந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் சொன்னதற்குத் திட்டு கிடையாது, சொன்னதை இரண்டு பேராகச் சேர்ந்து முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எல்லோரும் ஒண்ணுமில்ல என்றார்கள். இரண்டாம் நாள் வக்கீல் பிரஷ் பாக்கி என்றான். மூன்றாம் நாள், நீ நம்ப மாட்டாய், அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போன வாரம் மோட்டார் ஓடி மாடித் தொட்டி வழிஞ்சது என்னாலதான், சுவிட்சை நான்தான் மறந்தேன் என்றார். அதற்காக அவனை ஒரு வாரம் திட்டியவரே அவர்தான். (மூக்குக் கண்ணாடி விற்கிறவருக்குத் தன் குற்றம் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. பவர் மாற்ற வேண்டும்.) என்ன எழுதுகிறாய் இவ்வளவு நேரம், நான் ஒரு வாக்கியம்தானே சொன்னேன் என்று கேட்டால் உன் தங்கை பேனா மக்கர் செய்கிறது என்கிறாள். நீ படிக்கும்போது பார்த்துக்கொள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். அன்று காலை ஹாலில் இருந்த கடிகாரமும் அப்பாவின் கைக்கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தன. அப்பா அரக்கப் பரக்கச் சாப்பிட்டுக் கிளம்பிப் போய், கடை இருக்கிற வணிக வளாகத்தின் கேட்கூட இன்னும் திறக்காததால், காவலாளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன சார் வீட்ல சண்டையா என்று காவலாளி கேட்டதுதான் அவரை ரொம்பச் சுட்டுவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். பாக்கி என்ன என்று கேட்கவில்லை, யார் வேலை இது என்று கேட்டார். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் இன்னொரு தடவை கேட்டார், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அப்போது உன் தம்பி கையைத் தூக்கி, நான்தான்பா என்றான். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, திட்டக் கூடாது என்ற விதி இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஏதோ உதைத்தது. அப்பா கைக்கடிகாரத்தை வைப்பது பீரோ மேலே. எப்படிடா எடுத்தே, காட்டு என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான், நுனிக்காலில் நின்றான், எட்டவில்லை. இன்னும் ஒரு சாண் வேண்டும். அப்புறம் ஏண்டா நான்தான்னு சொன்னே என்று கேட்டேன். நாற்காலி மேலேயே நின்றுகொண்டு, யாராச்சும் ஒருத்தர் ஆமான்னு சொன்னாத்தானேம்மா முடியும், எப்பவும் அப்படித்தானே என்றான். (செய்தது நான், அக்கா. ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த ஒரு நிமிஷத்தில் அவன் முந்திவிட்டான். என் குறும்புகளில் நானே சிரிக்காத ஒன்று உண்டென்றால் இதுதான். உடனே ஒப்புக்கொண்டேன். இப்போது ஒரு வாரமாகக் கடையில் கண்ணாடிகளைத் துடைக்கிறேன், நானூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம், அத்தனையிலும் என் முகம்தான் தெரிகிறது.)

அன்று இரவு எனக்கு அந்த நீச்சல் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. அந்த மூன்று மாதமும் சாயங்காலம் அவன் வரும்போது நான் யூனிஃபார்மோடு செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன். நல்லா நீந்தினியா, தலையைத் துவட்டினியா, சரி சாப்பிடு. இவ்வளவுதான் நான் கேட்டது. அவன் ஆமாம்மா, ஆமாம்மா, சரிம்மா என்றான். வார்டில் கேட்கக் கூடாதென்று புதுப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற கேள்வியை வீட்டில் தினமும் நான்தான் கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள், வாசலில் நிற்கிற ஒரு தலை ஈரமா காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் இரண்டு மணிக்கு அவனைக் கேட்கவில்லை, நானே முதலில் சொன்னேன், என்னோட பாக்கி இதுதான் என்று. அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, என்னுதும் ஒண்ணு பெரிசா இருக்கு என்று ஆரம்பித்தான். முதல் நாள் பயிற்சியாளர் விளையாட்டுக்குத் தள்ளிவிட்டாராம், மூக்கில் தண்ணீர் ஏறி இருமியதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு மூன்று மாதமும் செருப்பு வைக்கும் அலமாரிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, குழாயில் துண்டையும் கால்சட்டையையும் நனைத்துப் பிழிந்து எடுத்து வந்திருக்கிறான். அது சரி, ரெண்டாவது பரிசு எதுக்குடா என்று உன் தங்கை கேட்டாள். முதல் பரிசுன்னா அக்கா போட்டோ கேப்பா, மூணாவதுன்னா பாவம்னு நினைப்பா, ரெண்டாவதுன்னா சந்தோஷப்பட்டுட்டு விட்டுடுவா என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் தண்ணீர் குடித்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், கடையில் யாராவது அப்படித் துடைத்தால் கத்துவார். துடைத்து மாட்டிக்கொண்டு, எனக்கும் நீந்தத் தெரியாதுடா என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாது.

இப்போது ஞாயிறு காலையில் நாலு பேரும் நீச்சல் குளத்துக்குப் போகிறோம். ஆழமில்லாத பக்கம், அப்பாவுக்கு முட்டிக்கு மேல் கொஞ்சம், அவனுக்கு இடுப்பு. உன் தங்கைதான் ஆசிரியை, யாரையும் தள்ளக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். நான் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். நேற்று வக்கீல் பன்னிரண்டு எண்ணும் வரை தலையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தான், அப்பா ஒன்பதிலேயே எழுந்துவிட்டார். (அப்பா கணக்கில் அது பதினைந்து.) அவனுடைய பிரஷ் ஈரமாக இருக்கிறது, தட்டைக் கழுவுகிறான், கழுவாத நாளில் கழுவவில்லை என்கிறான். இதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் என்ன கண்டிப்பைச் சொல்லிக்கொடுத்துவிடும். கண்டிப்பு அதிகமாக இருக்கிற இடத்தில் அவன் இன்னும் சீக்கிரம் ஆமாம் என்று சொல்லக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான் நடக்கும், இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். உன் படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. அதைத் தனி உறையில் போட்டு ஒட்டியது அப்பா. உனக்குத் தம்பி மேல் இருக்கிற அக்கறை எனக்குத் தெரியும், அது குறைய வேண்டாம், வேறு பக்கம் திரும்பட்டும். அடுத்த லீவுக்கு வரும்போது நீயே அவனை ஆழமான பக்கத்துக்குக் கூட்டிப் போ.

உன் விஷயமும் ஒன்று இருக்கிறது. வாரா வாரம் நல்லா இருக்கியா என்று கேட்டு, நல்லா இருக்கேன் என்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடமும் நான் தப்பாகத்தான் கேட்டிருக்கிறேன். அந்தக் கரகரப்பு எத்தனை நாளாக இருக்கிறது, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாயா, சொல்லாமல் வைத்திருப்பது என்னவென்று மெதுவாக எழுது. இங்கே யாரும் திட்ட மாட்டோம். வெயில் நேரத்தில் நிறையத் தண்ணீர் குடி. ஈரத் தலையோடு படுக்காதே. (திட்ட மாட்டோம் என்று சொல்லி அடுத்த மூச்சில் இரண்டு உத்தரவு. அம்மாவும் பழகிக்கொண்டுதான் இருக்கிறாள், பொறுத்துக்கொள் அக்கா.)

நீ எடுத்த வேலையெல்லாம் நன்றாக முடிந்து, உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் தம்பி தானாகவே உனக்குப் போன் செய்வான். நாங்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். நாலு நாளாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறான், கதவு வழியாகக் கேட்கிறது. அக்கா, நான் ரெண்டாவது வரல. இந்த ஒரு வாக்கியம்தான் அவனிடம் இருக்கிறது, அடுத்தது இன்னும் தயாராகவில்லை. அதனால் அதைச் சொன்னதும் ரொம்ப நேரம் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

உன் அம்மா
(எழுதியவள், உன் தங்கை)