பேசியபடி

பாலை நிலையம், செவ்வாய்
நிரல் பொறுப்பாளர் மெய்யம்மையின் பதிவுகள்

நாள் 402, காலை 9.10

வழக்கமான பதிவு. காற்று சரி, தண்ணீர் சரி, மின்சாரம் சரி. நிலையத்தில் நாங்கள் இருவர்தான். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் தூத்துக்குடி ரொசாரியோ அண்ணன். அவற்றை ஆட்டிவைக்கும் கணினி நிரல்களைப் பார்த்துக்கொள்பவள் நான். பூமியில் பொங்கல் விடுமுறை. சென்னை அலுவலகத்தில் ஈ காக்காய் இல்லை, எங்கள் மாற்றங்களைச் சரிபார்க்கும் தணிக்கை நிரல் மட்டும் விழித்திருக்கிறது. அண்ணன் பால்பொடியில் பொங்கல் வைத்தார். பொங்கவில்லை. ஆனாலும் இருவரும் வழித்துச் சாப்பிட்டோம்.

வேலை குறைவு என்பதால் கூண்டின் நிரலைச் சுத்தம் செய்யப் போகிறேன். கூண்டு என்பது வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் இருக்கும் சிறிய அறை. வெளியிலிருந்து வருபவர் அதில் நிற்பார். அறையில் காற்று நிரம்பிய பிறகுதான் உள்கதவு திறக்கும்.

நாள் 402, காலை 11.40

ஒரு வரி உறுத்துகிறது. வெளிக்கதவு திறந்து மூடிய பின் பத்து நிமிடத்துக்குப் புகை சென்சார் சொல்வதைக் கேட்காதே என்கிறது. எந்தப் புண்ணியவான் எழுதியதோ! தீப்பிடித்தால் கத்த வேண்டிய கருவியின் வாயைப் பொத்தி வைத்திருக்கிறார்.

ஏன் என்று பக்கத்தில் ஒரு சொல் இல்லை. இருக்கவும் முடியாது. நிரலுக்குள் விளக்கம் எழுதக் கூடாது, நிரல் தானே பேச வேண்டும் என்பது எங்கள் அலுவலகச் சட்டம். எழுதினாலும் தணிக்கை நிரல் அழித்துவிடும். மாற்றக் குறிப்பைத் தோண்டினேன். எழுதியவர் குருசாமி சார், ஓய்வு பெற்றுவிட்டார். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: "பேசியபடி." கூடவே ஒரு டிக்கெட் எண், அதாவது வேலைக் கோரிக்கையின் எண். அந்த எண்ணைத் தேடினால் யாரோ அலுவலகத்துக்கு நாற்காலி கேட்டிருக்கிறார்கள். டிக்கெட் மென்பொருளை மாற்றியபோது பழையவை எல்லாம் போய்விட்டன.

யாரோடு பேசினார், என்ன பேசினார்? எங்கள் ஆட்கள் எதையும் கேண்டீன் மேசையில் காபியோடு முடித்துவிடுவார்கள். வந்து அடிப்பதென்னவோ "பேசியபடி". பற்றிக்கொண்டு வருகிறது. குருசாமி சாரிடம் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறேன். செய்தி பூமிக்குப் போய்ச் சேரவே இருபது நிமிடம். விடுமுறையில் அவர் எப்போது பார்ப்பாரோ.

நாள் 403, காலை 10.00

பதில் இல்லை. வரியை எடுத்துவிட்டேன். தணிக்கை நிரல் நாற்பதே நிமிடத்தில் ஒப்புக்கொண்டது: "காரணம்: தீப் பாதுகாப்பு. தெளிவாக உள்ளது. ஏற்கப்பட்டது." வெட்கமில்லாமல் இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். அண்ணன் வெளியே போய் வந்தார். கதவு ஒழுங்காகத் திறந்தது.

நாள் 405, பகல் 1.15

புழுதிப் புயல். நான் வந்த பிறகு இதுதான் முதல் புயல். சூரியத் தகடுகளைத் துடைக்கப் போன அண்ணன் பாதி வேலையில் திரும்பி, கூண்டில் நிற்கிறார். உள்கதவு திறக்கவில்லை. ரேடியோவில் அவர்:

"தங்கச்சி, தீ தீன்னு அலாரம் அடிக்கி. இங்க ஒரு தீயும் இல்ல, வெறும் புழுதி. உள்ள வாற காத்த அதுவே உறிஞ்சி வெளிய தள்ளுது. என் காத்துத் தொட்டியில கொஞ்சந்தான் கெடக்கு, பாத்துக்க."

நாள் 405, பகல் 1.22

புரிந்துவிட்டது. புயல் புழுதி உடையோடு ஒட்டி உள்ளே வருகிறது. சென்சாருக்கு அது புகை. தீ என்று நினைத்துக் கூண்டின் காற்றை வெளியேற்றுகிறது, உள்கதவைப் பூட்டுகிறது. கைப்பிடியும் சேர்ந்தே பூட்டிக்கொள்கிறது. சென்சார் கூரைக்குள், கம்பி வலைக்குப் பின்னால். கை எட்டாது. அந்த வரி இதற்காகத்தான் இருந்தது.

வரியைத் திரும்பப் போட வேண்டும். அவசர மாற்றத்துக்கு எங்கள் இருவரின் ரகசிய எண்ணும் போதும், சென்னைத் தணிக்கை நிரல் பிறகு பார்த்து உறுதி செய்யும். அண்ணன் தன் எண்ணை மூச்சு வாங்க வாங்கச் சொல்கிறார். திரை காரணம் கேட்கிறது. காலியாக விட்டால் ஏற்க மாட்டேன் என்கிறது. பாவி.

நாள் 405, பகல் 1.40

கதவு திறந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறார். உதடெல்லாம் நீலம். ஆக்சிஜன் வைத்து, தலைவலிக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன்.

காரணம் என்ற இடத்தில் என்ன அடித்தேன் என்று இப்போதுதான் பார்த்தேன். "பேசியபடி." விரல் தானாக அடித்திருக்கிறது. விரிவாக எழுத வேண்டும். சாயங்காலம் எழுதுகிறேன். எப்படியும் முழுக் கதையும் இந்தப் பதிவில் இருக்கிறது.

நாள் 405, பகல் 1.55

குருசாமி சாரின் பதில் இப்போது வந்து சேர்கிறது:

"யம்மா, ஊருக்குப் போயிருந்தேன், இப்பந்தான் பாத்தேன். அந்த வரியத் தொட்டுராத. புயல் நேரம் புழுதியப் பொகைன்னு நெனச்சிரும். எங்க ஆளு ஒருத்தன் கூண்டுல மாட்டி, உசுரு போயி உசுரு வந்துச்சு. அந்த அவசரத்துல பேசியபடின்னு அடிச்சுட்டேன். அப்புறமா டிக்கெட்டுல எல்லாம் வெவரமா எழுதி வச்சேனே, அது இருக்குல்லா?"

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மின்சாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. மீதித் தகடுகளைத் துடைக்காவிட்டால் இரவு முழுக்க ஆக்சிஜன் கருவி ஓடாது. அண்ணன் மருந்து மயக்கத்தில் தூங்குகிறார். நான் போய் வருகிறேன். வரி திரும்ப இருக்கிறது, கதவைப் பற்றிக் கவலையில்லை.

நாள் 405, பகல் 2.50, கூண்டிலிருந்து, குரல் பதிவு

தகடுகள் முடிந்தன. வெளிக்கதவு மூடியாயிற்று. தீ அலாரம் அடிக்கிறது.

கைக்கருவியில் சென்னைச் செய்தி கிடக்கிறது, நான் தகடுகளில் இருந்தபோது வந்திருக்கிறது. "அவசர மாற்றம் நிராகரிக்கப்பட்டது. காரணம் போதாது. முந்தைய நிலைக்குத் திருப்பப்பட்டது."

எழுதினேனே. எல்லாவற்றையும் எழுதினேன். இந்தப் பதிவில் எழுதினேன். இதை யார் படிப்பார்கள், கதவா?

சென்னைக்குச் சொல்லிப் பதில் வர நாற்பது நிமிடம். என்னிடம் அவ்வளவு காற்று இல்லை. மாற்றத்தை உள்ளே இருக்கும் திரையில்தான் போட முடியும். அண்ணே. அண்ணே, எந்திரிங்கண்ணே. எனக்குப் பயமாயிருக்கு.

இதைக் கண்டெடுப்பவருக்கு. காரணத்தை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அழித்தால் திரும்ப எழுதுங்கள். வேறெங்கும் வேண்டாம். அதைத் தொடப் போகிறவள் கண்ணில் படுகிற இடத்தில்

நாள் 405, பகல் 3.20, குரல் பதிவு

நான் ரொசாரியோ. எனக்கு எழுத்து ஓடாது, சொல்லுதேன், மிசினு எழுதிக்கிடும். அவ கூப்பிட்டத கனவுன்னு நெனச்சுட்டேன். முழிப்பு வந்ததும் விழுந்தடிச்சு ஓடியாந்தேன். எந்தப் பட்டன அமுக்கணும்னு அவளே சொன்னா. அவ நம்பரையும் ஒண்ணொண்ணா சொன்னா, கடைசி நம்பரு காதுலயே விழல, ரெண்டு மட்டம் கேட்டேன். காரணம் என்னன்னு திரை கேட்டுச்சு. என்ன போடணும் தங்கச்சின்னு கேட்டேன். பதில் இல்ல.

அவ பேர அடிச்சேன். மெய்யம்மை. ஏத்துக்கிச்சு. காத்து நெறஞ்சுச்சு. கதவு தொறந்துச்சு.

அவ எந்திரிக்கல.

நாள் 405, மாலை 4.02, சென்னையிலிருந்து, தானியங்கிச் செய்தி

"அவசர மாற்றம் நிராகரிக்கப்பட்டது. குறிப்பிட்ட காரணம்: மெய்யம்மை. காரணம் போதாது. முந்தைய நிலைக்குத் திருப்பப்பட்டது."