பலகையில் வரைந்த மலை

நைனாவுக்கும் அம்மாவுக்கும் கலைமதியின் வணக்கம்.

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா நைனா? போனில் பேசினால் அம்மா, "இன்னாடி, குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது வேதாரண்யம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டுகிறோம். மாட்டியதும் திரையில் விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடு இழுக்க வேண்டும். கோடு அறுந்தால் அந்த இடத்தில் கோளாறு. மற்றவர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குவார்கள். நான் மட்டும் நம் செஞ்சி மலைகளை வரைவேன். மாடியில் மல்லாட்டை (இங்கே கடலை என்கிறார்கள்) காயவைத்துவிட்டு, காக்கா ஓட்டிக்கொண்டே நாளெல்லாம் பார்த்த மலைகள்தானே.

நேற்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். உப்பளத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காத பிள்ளைகள். ஒருத்தி, "உங்க வீடு எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள். புள்ளி வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நம் மாடியிலிருந்து பார்த்தால் ராஜகிரி இடப்பக்கமா, வலப்பக்கமா?

"அக்காவுக்கு அவங்க வீடே தெரியலை!" என்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

பக்கத்து வீட்டு அனுவிடம் சொல்லி, மாடியிலிருந்து மலையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வரைவதற்கு வேண்டும். நீங்களும் அம்மாவும் முன்னால் நில்லுங்கள்.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன். நீங்கள் நின்று மலை மறைந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்,
கலைமதி