லைட் அடித்துக் காட்டியவன் நான்தான்

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக் குழாயைக்கூட அவனே சரிசெய்தான், இப்போது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. போன வாரம் போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அது பொய் கண்ணு. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் விளம்பரப் பலகைக்குப் பின்னால் போலீஸார் வேகம் பார்க்கிற மெஷினோடு மறைந்து நின்றார்கள். மறைந்து நின்று பிடிக்கிறவனைக் கண்டாலே டிரைவர்களான எங்களுக்கு ஆகாது. எதிரே வருகிறவனுக்கு இரண்டு தடவை லைட் அடித்துக் காட்டிவிடுவோம், முப்பது வருடமாக அதைத் தொழில் தர்மம் என்றே நினைத்திருந்தேன். அன்றும் அடித்தேன். பேய் வேகத்தில் வந்த ஒரு வெள்ளைக் கார் சட்டென்று அடங்கியது, ஓட்டியவன் எனக்குக் கையைக்கூடத் தூக்கிக் காட்டினான். ஏதோ புண்ணியம் செய்தவன் மாதிரி சிரித்துக்கொண்டே போனேன்.

போலீஸைத் தாண்டியதும் அவன் மறுபடி அழுத்தியிருக்கிறான். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ரோட்டைக் கடந்த நம் பஞ்சர் கடைக்காரரை அடித்துவிட்டான். நீ காலேஜுக்குப் போகும்போது சைக்கிள் செயின் கழன்றால் மாட்டிவிடுவாரே, அவரேதான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அது போதாதென்று கார்க்காரன், "நான் மெதுவாத்தான் வந்தேன், உங்க மெஷின்லயே நாப்பத்தெட்டுன்னு இருக்கே, அந்த ஆள்தான் குறுக்க வந்து விழுந்தாரு" என்று சாதித்திருக்கிறான். எல்லோரும் நம்பியும்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் இறங்கினேன், நீங்களாவது நம்புறீங்களா" என்று கேட்டார். நம்புறேன் என்று சொல்லிவிட்டு, வேறு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பதினெட்டு நாள் வாயைத் திறக்கவில்லை சின்னு. வேலை போய்விடுமோ என்ற பயம், அதைவிட அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம். சாப்பாடு இறங்காததைப் பார்த்து அம்மா துருவித் துருவிக் கேட்டாள், சொன்னேன். "நீங்க பேசாம இருந்தா, காலையும் இழந்துட்டு அந்த மனுஷன் பொய்யனாவும் ஆயிடுவாரு" என்றாள். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய், பேய் வேகத்தில் வந்தவன் நான் லைட் அடித்ததால்தான் அடங்கினான் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அதிகாரி, "கார்க்காரரு உங்களுக்குச் சொந்தமா, தெரிஞ்சவரா" என்று கேட்டார். யாரென்றே தெரியாது என்றேன். "தெரியாத ஆளுக்கா இவ்வளவு பண்ணீங்க" என்றார். கூனிக் குறுகிப் போனேன்.

வழக்கை மறுபடி எடுத்திருக்கிறார்கள். கம்பெனியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். டிரைவர்கள், "வண்டி ஓட்டுற நம்ம ஆளையே மாட்டி விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டு, டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் எழுந்து போகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. பஞ்சர் கடைக்காரரிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பிறகு, "சாட்சி சொன்னதுக்கு நன்றிண்ணே. இனிமே இங்க வராதீங்க" என்றார். இப்போது அம்மா மட்டும் போய் வருகிறாள், நான் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறேன்.

உனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது இந்த லைட் அடிக்கிற புத்தியையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை மட்டும் மறந்துவிடு. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கோர்ட்டில் இதையே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், சொல்வேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல் வாழ வேண்டும். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கடிதம் கிடைத்ததும் உடனே போன் செய்யாதே, இரண்டு நாள் கழித்துச் செய். முதலில் அம்மாவிடம் பேசு, பிறகு உனக்கு மனமிருந்தால் என்னைக் கூப்பிடச் சொல்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா