கேட்காமல் வெட்டிய கயிறு

செப்டம்பர் 8, திங்கள்

வெயில். காலை எட்டுக்கே மொட்டை மாடி சுடுகிறது. மேற்கே மேகம், மழை இல்லை. நல்ல தண்ணீர் வந்தது. பதினொரு குடம், தொட்டி முக்கால். ரத்த அழுத்த மாத்திரை போட்டாயிற்று. கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மகள் சுகந்தி இன்று தானாகப் பேசினாள். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம், பிள்ளைக்கு ஐந்து மாதம். தானாகப் பேசுவது அபூர்வம். அதனால் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா, எனக்கு ஒரு தடவ பாறை ஏறணும். திருச்சுழி ரோட்டுல மொட்டைப்பாறை இருக்குல்ல, அதுல. கீழ கயித்தப் பிடிக்க ஒரு ஆள் வேணும். நீங்க பிடிக்கிறீங்களா?"

நான்: "பார்ப்போம்மா." எப்போதும் சொல்வதுதான்.

கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஞாயிறுதோறும் ஏறுவாள். அப்போதும் எனக்குப் பயம். இப்போதைய பயம் வேறு. எழுதாமல் நான்கு நாள் தள்ளிவிட்டேன். போன வியாழன் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் இல்லாட்டியும் இவ நல்லா வளந்துருவாப்பா. நீங்க நல்லாப் பாக்குறீங்க." மனைவி பாக்கியத்திடம் இதைச் சொல்லவில்லை.

கவனித்தவை:
1. சாப்பாடு இரண்டு இட்லி. அதுவும் பா. திட்டினால்.
2. பிள்ளை தூங்கினாலும் சு. தூங்குவதில்லை.
3. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்க்கிறாள்.
4. தலை வாரி நாலு நாள்.
5. இன்று கயிறு கேட்டாள்.

ஐந்தாவது நல்ல குறியா, கெட்ட குறியா? ஏறவா, விழவா? 21-ஆம் தேதி ஞாயிறு சம்பந்தியம்மா வந்து தாயையும் பிள்ளையையும் சென்னைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. இந்த நிலையில் எப்படி அனுப்புவது?

செப்டம்பர் 9, செவ்வாய்

காற்று. வாசல் பூராவும் கரிசல் தூசி. சொட்டு மருந்து பாளையம்பட்டியில் கிடைத்தது.

பரணில் இருந்து சு.வின் பையை இறக்கினேன். அறுபது மீட்டர் கயிறு, இடுப்புப் பட்டை இரண்டு, வளையங்கள், கீழே நிற்பவர் கயிற்றைப் பிடிக்கும் கருவி. கயிறு நான்கு வருடமாக மடித்தபடியே. நீலம், நடுவில் கறுப்புக் குறி. கொடியில் உலர்த்தினேன்.

பால்காரம்மா: "என்ன சார், கெணத்துல வாளி விழுந்துருச்சா?"

"இல்லம்மா. மக மலையேறணும்னு..."

"சதுரகிரிக்கா? அங்க நடந்தே போகலாமே, கயிறு எதுக்கு? சாரு ரொம்பத்தான் பயப்படுறாக."

பா. கேட்டுவிட்டாள். "ஏங்க, அவதான் புத்தி கெட்டுக் கேக்குறான்னா உங்களுக்கு எங்க போச்சு? பச்ச உடம்புக்காரி. அடி எறங்கிரும், கர்ப்பப்பை தள்ளிரும்." நான் "சும்மா பரிசோதிக்கத்தான்" என்றேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

மோசமான நாள். வரிசையாக எழுதுகிறேன்.

காலை 9. கயிற்றை மடியில் போட்டு முழம் முழமாகத் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டுதான். மில் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருடம் நூலின் பலம் சோதித்தவன். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

9.40. ஒரு முனையில் இருந்து பதினொரு மீட்டரில் ஒரு இடம் மெத்தென்று. மடித்தால் மற்ற இடத்தைவிட அதிகம் மடிகிறது. மறுபடி தடவினேன். மறுபடி மெத்து. பிளேடை எடுத்து அந்த இடத்தை அரை மீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டேன். மில்லில் அப்படித்தான். பழுது கண்டால் வெட்டு, பிறகு ஆராய். நூலை யாரும் கேட்பதில்லை.

10. வெட்டிய துண்டின் மேலுறையைப் பிரித்தேன். உள்ளே வெள்ளைப் புரிகள். ஒவ்வொன்றாக எண்ணிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. தேய்ந்திருக்கவும் இல்லை.

அப்போதுதான் சு. வந்தாள். கையில் பிள்ளை. தரையில் கயிறு இரண்டாக.

"யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"மெலிசா இருந்த மாதிரி..."

"யாரக் கேட்டு வெட்டுனீங்கன்னு கேக்குறேன்! அடுத்த ரூம்லதான இருக்கேன்? உசுரோடதான இருக்கேன்?" பிள்ளை வீறிட்டது. பா. ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். சு. நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான். ஒரு வார்த்த கேக்கல. கால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெட்டிட்டாங்க. என்ன பண்றீங்கன்னு கேட்டதுக்கு, கத்தாம கெடம்மான்னாங்க. மரத்துப்போகவே இல்ல, தச்சாங்க. யாரு வீட்டுக் கல்யாணத்துலயோ என்ன சாப்பாடுன்னு பேசிக்கிட்டே தச்சாங்க. அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் நேரா உக்கார முடியல. இருமுனா நனையுது. இந்த வீட்டுல யாருக்காச்சும் தெரியுமா?"

யாருக்கும் தெரியாது.

ஆறு மாதத்தில் இவ்வளவு வார்த்தை இன்றுதான். நான் கையில் பிளேடோடு உட்கார்ந்திருந்தேன்.

மதியச் சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை. மேகம் கலைந்துவிட்டது.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். மோட்டார் ரிப்பேர், ஆள் வரவில்லை.

கேள்வி: அந்த இடம் உண்மையில் மெத்தென்று இருந்ததா, இல்லை அவள் ஏறக்கூடாது என்று என் விரல் விரும்பியதா? பிரித்த புரிகளை மறுபடி பார்த்தேன். எல்லாம் நல்ல புரி. பயம் வெட்டியிருக்கிறது. அனுபவம் என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "கயிறு நல்லாத்தான் இருந்துச்சு. நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதும்மா."

சு. காப்பியைப் பார்த்தாள். "இத அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தரும் சொல்லலப்பா." குடித்தாள். முழு டம்ளர்.

பா. பாத்திரம் துலக்கியபடி, திரும்பாமல்: "அவளுக்கு நனையுதாம். எனக்கும் அவ பெறந்ததுல இருந்து அடி எறங்கித்தான் இருக்கு. குடம் தூக்குனா ஒரு கையால அமுக்கிக்கிட்டுத்தான் நடப்பேன். எல்லாருக்கும் உள்ளதுதான்னு எங்கம்மா சொன்னா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா? நோட்டுல எழுதுவீக."

திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பதினொரு குடம். எண்ணியது நான். தூக்கியது அவள்.

செப்டம்பர் 12, வெள்ளி

மந்தாரம். புழுக்கம்.

கேட்க வேண்டிய கேள்வியை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் சுற்றி வளைத்து. பதினொரு மணிக்கு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன். எழுதிய ஐந்தும் வரவில்லை. வந்தது வேறு.

"சுகந்தி, செத்துப்போயிரலாம்னு தோணுதா?"

என் முகத்தைப் பார்த்தாள். ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"தோணுச்சு. ஆடி மாசம் பூரா. இப்பவும் சில நாள் வருது, போகுது."

"பாறைக்கு... அதுக்கா?"

"இல்லப்பா." பிள்ளையின் சட்டையை உதறிப் போட்டாள். "இந்த உடம்பு எம்பேச்சக் கேட்டதே அங்கதான். இன்னும் கேக்குதான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

நம்பினேன். முக்கால் பங்கு.

"டாக்டர்ட்டப் போவோமா? நீ சரின்னாதான்."

"அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் காட்டிக்கிறோம்."

இறங்கி வந்து பா.விடம் எல்லாம் சொன்னேன், போன வியாழன் உட்பட. எட்டு நாள் மறைத்ததற்கு ஏச்சு வரும் என்று நினைத்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்துபோய் மகள் பக்கத்தில் துணி காயப் போட்டாள்.

செப்டம்பர் 13, சனி

மதுரை. 7.10 பஸ். சு. ஜன்னலோரம். பா. பிள்ளையோடு. என்னிடம் பை: பிள்ளைத் துணி ஆறு, பிளாஸ்க், பழைய மருந்துச் சீட்டுகள் தேதி வாரியாக.

மகப்பேறு டாக்டரம்மா சு.வைத் தனியாக நாற்பது நிமிடம் பார்த்தார், அப்புறம் பா.வையும். வெளியே காத்திருந்த ஒரு பெண் போனில்: "ஆமா அத்தை, சும்மா சளிதான், சளிக்குத்தான் வந்திருக்கேன்." சளி டாக்டர் அங்கே இல்லை.

பிறகு சு.விடம் கேட்டுவிட்டு எங்களையும் கூப்பிட்டார். சொன்னவை:
- இது நோய், குணக்கேடு இல்லை. பிரசவத்துக்குப் பின் பலருக்கு வருவது. சரியாகும்.
- பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரை. தானாக நிறுத்தக்கூடாது.
- மனநல டாக்டரிடம் வாரம் ஒரு முறை. இப்போதைக்குத் தனியாக விடக்கூடாது. நினைப்பு மோசமானால் அன்றே வர வேண்டும்.
- அடிவயிற்றுத் தசைக்குப் பயிற்சி, தினம் மூன்று வேளை. நனைவது அதில் குறையும்.
- பா.வுக்குக் கருப்பை இறக்கம். தாங்கிப் பிடிக்க உள்ளே வளையம் வைக்கலாம். "இத்தன வருசமாவாம்மா?" என்றார். பா. என்னைப் பார்க்கவில்லை.

ஏறுவது பற்றி நான் கேட்டேன். டாக்டரம்மா பதிலை சு.வைப் பார்த்துச் சொன்னார். "கயிறு மேலருந்து வரணும். குதிக்கக் கூடாது, மூச்சடக்கக் கூடாது. அடியில கனமா இருந்தா அன்னைக்கு நிறுத்திரணும். நல்லாப் பிடிக்கிற ஆள் இருக்கா?"

சு.: "எங்கப்பா."

பஸ்ஸில் வரும்போது தூங்கினாள். குமாரலிங்கபுரம் தாண்டும்வரை.

செப்டம்பர் 16, செவ்வாய்

சிறு தூறல், புழுதி அடங்கவில்லை.

பயிற்சி. என் எடை 54, சு. 61. அவள் விழுந்தால் நான் மேலே போவேன். ஆகவே வெட்டிய பதினொரு மீட்டர் துண்டால் என்னைக் கல்லோடு கட்ட வேண்டும். அவள் யோசனை.

வேப்பமரக் கிளையில் கயிறு, 61 கிலோ மணல் மூட்டை. கருவி தானே இறுகிக்கொள்ளும். ஆனாலும் வலது கையைக் கயிற்றை விட்டு எடுக்கவே கூடாது. கருவியின் நெம்புகோலை மெல்ல இழுத்தால் மூட்டை இறங்கும். முதல் தடவை மூட்டை தொப்பென்று விழுந்தது.

பா.: "நல்லவேள, மூட்ட. அதுக்காகக் கேள்வி கேக்க மாமியா இல்ல."

சு. சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. பதிவு செய்கிறேன்.

இருபது தடவை இறக்கினேன். கடைசி பதினான்கும் சரி.

செப்டம்பர் 17, புதன்

சம்பந்தியம்மாவுக்கு போன். பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். "அழைச்சுப் போறத ஒரு மாசம் தள்ளி வைங்க. சுகந்திக்கு வைத்தியம் நடக்குது."

"என்ன வைத்தியம்?"

தாளில் "உடம்பு சரியில்லை" என்று இருந்தது. சு. எதிரே. அவளைப் பார்த்தேன். தலையாட்டினாள். "மனசுக்கும் உடம்புக்கும்" என்றேன்.

"இதெல்லாம் வெளிய சொல்லாதீங்க அண்ணாச்சி" என்றுவிட்டு வைத்துவிட்டார். மாப்பிள்ளை அப்புறம் கூப்பிட்டார். "மாமா, நான் மட்டும் ஞாயிறு வர்றேன். எங்கிட்டயும் அவ சொல்லல. நானும் கேக்கல."

செப்டம்பர் 20, சனி

மேகமூட்டம். பாறை சுடாது, நல்லது. ஆட்டோ 6.30. ஆட்டோக்காரர் கயிற்றைப் பார்த்து, "கெணறு தூர் வாரவா சார்?" பா. முந்திக்கொண்டாள்: "எம்மக பாறை ஏறப் போறா."

மொட்டைப்பாறை. உயரம் பதினான்கு மீட்டர், சு. கணக்கு. பின்பக்கம் சரிவு, நடந்து ஏறலாம். விளிம்புக்குப் பத்தடி முன்னால் குண்டுக்கல். அதில் வளையம் கட்டி, அதன் வழியே கயிற்றைக் கீழே விட வேண்டும். ஒரு முனை அவளுக்கு, மறுமுனை எனக்கு. நானும் கூடப் போனேன். அவள் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி. விளிம்பு. கீழே கருவேலங்காடு.

முதலில் தன்னைக் கல்லோடு மாட்டிக்கொண்டாள். "விடுங்கப்பா, மாட்டிட்டேன். பாருங்க." பார்த்தேன். இரண்டு தரம். விட்டேன்.

கீழே வந்தோம். வெட்டிய துண்டால் என்னை அடிவாரத்துக் கல்லோடு கட்டினாள். அவள் முடிச்சை நான், என் கருவியை அவள், மாற்றிச் சரிபார்த்தோம். பா. பிள்ளையோடு வேம்படியில், ஆட்டோக்காரரும் போகாமல் அங்கேயே. ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி வந்து நின்றாள். "எதுக்கு ஏறுது அந்தப் பிள்ள? ஆடு கீடு மேல மாட்டிக்கிச்சா?"

ஏறினாள். முதல் மூன்று மீட்டர் கை தடவித் தடவி. பிறகு மெல்ல ஒரு ஒழுங்கு வந்தது. மூச்சு விடுவது கீழே கேட்டது. நான் கயிற்றை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

முக்கால் உயரம். நின்றுவிட்டாள். கால் நடுங்குவது தெரிந்தது.

"அப்பா, இறுக்குங்க."

இறுக்கினேன். பாறையில் இருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு அப்படியே பின்னால் சாய்ந்தாள். முழு எடையும் என் இடுப்பில் வந்து இழுத்தது. கல்லில் கட்டிய துண்டு என்னை நிறுத்தியது. அவள் அந்தரத்தில், முகத்தைப் பொத்திக்கொண்டு. அழுகை. அவ்வளவு சத்தமாக அவள் சின்னப் பிள்ளையில்கூட அழுததில்லை.

பா. எழுந்து நின்றுவிட்டாள். "ஏங்க..."

ஆட்டுக்கார அம்மா: "யோவ் சாரு, பிள்ள பயந்து அழுகுது, எறக்கி விடுங்கய்யா!"

ஆட்டோக்காரர்: "எறக்குங்க சார், எறக்குங்க."

என் இடது கை நெம்புகோலுக்குப் போய்விட்டது. எடுத்தேன்.

"சுகந்தி! எறக்கவா?"

"வேணாம்! அப்படியே பிடிங்க."

"அவ வேணாங்குறா," என்றேன். மூன்று பேருக்கும் கேட்கும்படி.

பிடித்திருந்தேன். கழுத்து வலி, தோள் வலி. கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை, எத்தனை நிமிடம் என்று தெரியாது. அழுகை குறைந்தது. மூச்சு சீரானது. ஒரு கையை நீட்டிப் பாறையைத் தொட்டாள். திரும்பிக் கீழே பார்த்தாள், என்னை இல்லை, வேம்படியை.

"அப்பா! பால் சொரந்து சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு. அவளுக்குப் பசிக்கும். எறக்குங்க."

ஆட்டுக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் நெம்புகோலைத் தொட்டேன்.

"மெதுவாப்பா."

"மெதுவாத்தாம்மா."